நீலம் விலகிய மயில்

ரத்தினசாமியின் பனியன் பெட்டியில் இருந்தது மயில்தான். அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. முருகனைக் கும்பிடுகிற நெசவுக் குடும்பத்தில் பிறந்து, நிட்டிங் மெசின் வாங்கிப் போட்ட மனிதர் பெட்டிமேல் வேறு எதை ஒட்டுவார்? ஆனால் எங்கள் வீதியில் பாதிப் பேருக்கு அந்தப் பெட்டியில் ஒரு பெண்பிள்ளை தெரிந்தாள். காப்பிக் கடையில் இதை வைத்துக் கட்சி கட்டிப் பேசுவார்கள். மயில் கட்சிக்காரன் பெண் கட்சிக்காரனைப் பார்த்து, "உன்ற புத்தி அப்படி, உனக்கு அப்படித்தான் தெரியும்" என்பான். வேலை வெட்டி இல்லாத பேச்சுத்தான். இருந்தாலும் பேசாமல் இருக்க முடியாது.

அந்த நாளில் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஒரு படம் உண்டு. சிங்கம், கப்பல், கிளி, ரெட்டைப் பனை என்று ஆளுக்கொன்று. எழுதப் படிக்கத் தெரியாத சனம் கடையில் படத்தைச் சொல்லித்தான் பனியன் கேட்கும். ரத்தினசாமி கோயமுத்தூரில் அச்சுக்கூடம் வைத்திருந்த வெள்ளியங்கிரியிடம் போய், பின்னால் கழுத்தைத் திருப்பி இறகு கோதுகிற மாதிரி ஒரு மயில் வரைந்து தரச் சொன்னார். வெள்ளியங்கிரி நன்றாகத்தான் வரைந்தான். கல்லச்சில் நிறத்துக்கு ஒரு கல். நீலத்துக்கு உண்டான கல் அச்சேறும்போது ஒரு நூல் அளவு விலகிவிட்டது. கழுத்தின் கோட்டுக்கும் நீலத்துக்கும் நடுவே வெள்ளையாக ஒரு சந்து விழுந்தது. அந்தச் சந்துதான் சில பேர் கண்ணுக்கு நெற்றியாகவும் மூக்காகவும் தாடையாகவும் ஆயிற்று. பக்கத்து இறகின் புள்ளி கண்ணாக வந்து உட்கார்ந்துகொண்டது. கொண்டை இறகு தலையில் வைத்த பூவாயிற்று. தோகை முழுக்க அவிழ்த்துவிட்ட கூந்தல்.

வெள்ளியங்கிரி மறு அச்சில் சரி செய்கிறேன் என்றான். அதற்குள் பாலக்காட்டுப் பக்கம் சரக்குப் போய்விட்டது. அங்கே கடைக்கு வருகிறவர்கள் மலையாளத்தில், "ஆ பெண்ணுள்ள பெட்டி" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வியாபாரிகள் படத்தைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பிழை அப்படியே நின்றது. ரத்தினசாமி மட்டும் யார் கேட்டாலும், "மயிலுங்க" என்று சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

அவர் மனைவி தெய்வாத்தாளும் மயில் கட்சிதான். ஊத்துக்குளிக்காரி. ரத்தினசாமிக்கு இரண்டாம் தாரமாக வந்தவள். மூத்தவள் கொமரலிங்கத்துப் பெண், அமராவதி என்று பெயர். கல்யாணமாகி வருசம் திரும்புவதற்குள் விஷக் காய்ச்சலில் போய்விட்டாள். தெய்வாத்தாளுக்கு இவ்வளவுதான் தெரியும். அந்த வீட்டில் மூத்தவளுடைய சேலை ஒன்றும் இல்லை, சுவரில் படம் இல்லை. அவள் பேரை ரத்தினசாமி வாயால் இவள் கேட்டதே கிடையாது. அவர் மறந்துவிட்டார் என்று தெய்வாத்தாள் நினைத்திருந்தாள். அப்படி நினைத்துக்கொள்வது அவளுக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

பின்புறக் கொட்டகையில் மெசின் ஓடும். பக்கத்து அறையில் தையல். தைத்து முடித்த பனியன்கள் முன்கூடத்துக்கு வரும். அதை ஆசாரம் என்போம். ஆசாரம் தெய்வாத்தாள் ராஜ்யம். பிசிறு வெட்டுவது, மடிப்பது, பெட்டியில் அடுக்குவது, பெட்டிக்கு லேபிள் ஒட்டுவது எல்லாம் அங்கேதான். விடியற்காலையில் மைதா மாவைக் கரைத்து, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுப் பசை கிண்டுவாள். பிறகு அதே அடுப்பில் சோறு. வீடு முழுக்கப் பஞ்சுத் தூசி பறக்கும். தயிர்ச் சட்டியை எத்தனை மூடி வைத்தாலும் மேலே ஒரு இழை மிதக்கும். ஊத்துக்குளி வெண்ணெயில் வளர்ந்தவளுக்கு முதலில் அது குமட்டியது. பிறகு விரலால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் பழகிவிட்டாள்.

அவளுக்கு வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்த ஆனி மாதத்தில் மாரக்காள் மடிப்பு வேலைக்கு வந்து சேர்ந்தாள். நடுவயசுக்காரி. ஊரில் காட்டு வேலை குறைந்துபோய், மகள் வீட்டோடு இருந்துகொண்டு பிழைக்கலாம் என்று திருப்பூர் வந்தவள். வந்த அன்றைக்கே ஒரு பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க அம்மிணி, இந்தப் பொட்டில இருக்கற புள்ள எங்கூருக்காரியாட்டவே இருக்குதுங்க."

"எந்தப் புள்ளை மாரக்கா? மயிலல்ல இருக்குது."

"மயிலுங்களா? அட, சித்தெ நல்லாப் பாருங்க. இதானுங்க நெத்தி. இப்படியே எறங்குனா மூக்கு. இந்தப் புள்ளி இருக்குதுல்லங்க, இது கண்ணு. கொண்டையில பூ வெச்சிருக்கறா பாருங்க."

மாரக்காளின் விரல் போன வழியே தெய்வாத்தாளின் கண்ணும் போயிற்று. இரண்டு வருசமாக அவள் தன் கையால் ஒட்டிய மயில் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பெண்ணாகிவிட்டது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. சிரிப்பும் வந்தது.

"ஆமா மாரக்கா! பொம்பளதான்! இத்தனை நாளா எனக்குத் தெரியவே இல்ல பாருங்க."

"எங்கூரு கொமரலிங்கத்து அமராவதி இப்படித்தானுங்க இருப்பா. ஆத்து மேட்டுல ஊடு. படித்தொறையில ஒக்காந்து துணி தொவைக்கறப்ப ஆராச்சும் கூப்புட்டா, ஒடம்பைத் திருப்பாம கழுத்தை மட்டும் இப்படித் திருப்பிப் பாப்பா. அச்சா அதே மொகம். இந்த ஊருக்குத்தான் கட்டிக் குடுத்தாங்க. பாவம், ஒரு வருசங்கூடப் பொழைக்கல."

தெய்வாத்தாளின் சிரிப்பு நின்றுவிட்டது.

"மாரக்கா, அவங்க வாக்கப்பட்டது இந்த ஊட்டுக்குத்தான்."

மாரக்காள் மடித்த பனியனை மடியிலேயே வைத்துக்கொண்டு விழித்தாள். "ஐயோ சாமி! எனக்குத் தெரியாதுங்க அம்மிணி. என்ற வாயில மண்ணு உழுக." என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்காமல், "நீங்க இதையே பாத்துட்டு ஒக்காராதீங்க. மாசமா இருக்கறவ எதைப் பாத்துட்டே இருக்கறாளோ அந்தச் சாடை புள்ளைக்கு வந்துரும்பாங்க" என்றாள். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். வினை அங்கேதான் பிடித்தது.

அன்றைக்குப் பிறகு தெய்வாத்தாளுக்கு மயில் கிடைக்கவே இல்லை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாலும், தூர நின்று பார்த்தாலும் அந்தப் பெண்தான். அட்டாலி மேல் அடுக்கிய பெட்டிகளிலிருந்து ஒரே முகம் வரிசை வரிசையாக அவளைத் திரும்பிப் பார்த்தது. புருசன் மறந்துவிட்டான் என்று நம்பிய முகம். மறந்தவனா இப்படி வீடு நிறைய வரைந்து வைப்பான் என்று நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது.

பொழுதோடு ரத்தினசாமி சாப்பிட உட்கார்ந்தபோது கொள்ளுப் பருப்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, பொட்டி மேல இருக்கற படத்துல உங்களுக்கு என்ன தெரியுதுங்க?"

"மயிலு" என்றார், தலையைத் தூக்காமல்.

"வேற ஒண்ணும் தெரியலீங்களா?"

"வேற என்ன? சோத்தைப் போடு புள்ள."

பொய் சொல்லுகிறார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அதற்கப்புறம் அவள் லேபிள் ஒட்டுகிற விதமே மாறிப்போனது. லேபிள் கட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, முதுகில் பசை தடவி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பெட்டிமேல் அமுக்குவாள். ஒரு நாள் தவறுதலாக ஒன்று தலைகீழாக ஒட்டிக்கொண்டது. பார்த்தாள். தலைகீழில் பெண்ணும் இல்லை, மயிலும் இல்லை. நீலமும் பச்சையுமாக என்னவோ. அவளுக்கு மூச்சு வந்தது. அன்று முழுக்கத் தலைகீழாகவே ஒட்டித் தள்ளினாள்.

அந்தப் பெட்டிகள் பாலக்காடு போய்ச் சேர்ந்தன. ஆடி பிறந்ததும் அங்கிருந்து வியாபாரி பரமேசுவரன் நேரிலேயே வந்துவிட்டார். வெள்ளை வேட்டிக்காரர், சத்தம் போட மாட்டார். பெட்டியை ரத்தினசாமி முன்னால் வைத்துவிட்டு மோர் வாங்கிக் குடித்தார்.

"ரத்தினசாமி, இது என்னவாக்கும்? கடைக்கு வர்ற ஆளு கேக்குது, மயிலு செத்துப்போச்சான்னு."

ரத்தினசாமிக்கு முகம் செத்துவிட்டது. "பாக்காம ஒட்டிப்போட்டாங்க. இனி இப்படி வராதுங்க."

"வரக் கூடாது. அந்தப் பெண்ணுக்காகத்தான் பாதிச் சரக்கு போவுது கேட்டோ."

அவரை ரயிலுக்கு அனுப்பிவிட்டு ரத்தினசாமி ஆசாரத்துக்கு வந்தார். கோபக்காரர் இல்லை. அன்றைக்கு வந்தது.

"ஏ புள்ள, கண்ணு தெரியலயா உனக்கு? தலையும் காலும் தெரியாமயா ஒட்டுவாங்க?"

"தெரிஞ்சுதானுங்க ஒட்டுனேன்."

"என்ன சொல்ற?"

"தலகீழா ஒட்டுனா அவ தெரியறதில்லீங்க. அதுக்குத்தான்." தெய்வாத்தாள் எழுந்து நின்றுகொண்டாள். "கொமரலிங்கத்துக்காரிய வரஞ்சு வெச்சு, தெனமும் என்ற கையாலயே ஒட்ட வெச்சீங்களே. உங்களுக்கு மனசு எப்படிங்க வந்துச்சு? என்னைய எதுக்குங்க கட்டுனீங்க?"

"ஆரு சொன்னா உனக்கு?"

"அவ ஊருக்காரியே சொல்றா. மாரக்கா பாத்த ஒடனே பேரைச் சொன்னா. அதே மொகமாம். கழுத்தைத் திருப்பறது மொதக்கொண்டு அதேதானாம்."

மாரக்காள் மூலையில் பனியனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். ரத்தினசாமி லேபிள் கட்டிலிருந்து ஒன்றை உருவி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் நின்றார். தெய்வாத்தாளுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு ஆம்பிளை ஒரு படத்தை அப்படிப் பார்க்கிறான் என்றால் அதற்கு வேறென்ன அர்த்தம்?

"மாத்துங்க" என்றாள். "வேற படம் போடுங்க. இல்லாட்டி எங்கம்மா ஊட்டுல கொண்டுபோயி உட்டுருங்க. இந்த மொகத்தோட ஒரு புள்ளைய நான் பெக்க மாட்டனுங்க."

அவர் லேபிளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார்.

அந்த ஆடிக் காற்று எங்களுக்கெல்லாம் நினைவிருக்கிறது. நொய்யல் கரையில் வெளுத்துக் காயப்போட்ட துணியெல்லாம் எழுந்து முள்வேலியில் போய் விழுந்தது. ஆட்கள் அதன் பின்னால் ஓடினார்கள். வீட்டுக்குள் மாவில் மண், சோற்றில் மண். ரத்தினசாமி வீட்டில் பேச்சு அற்றுப்போயிருந்தது. தெய்வாத்தாள் லேபிளைத் தொடுவதில்லை. மாரக்காள்தான் ஒட்டினாள், தன் நாக்கைத் தானே நொந்துகொண்டு. அவள் தன் வீட்டிலிருந்து பச்சைப்பயறு கடைந்து கொண்டுவந்து கொடுப்பாள். தெய்வாத்தாள் வாங்கி வைத்துக்கொள்வாள், தின்ன மாட்டாள்.

துவைக்கப் போட்ட சட்டைப் பையில் அந்த லேபிள் இருந்தது. ஓரமெல்லாம் நைந்து, வேர்வை பட்டு மெழுகாகியிருந்தது. அவள் அதை எடுத்துப் புறக்கடையில் பொடக்காளிச் சுவர்மேல் வைத்துவிட்டுத் துணியைத் துவைத்தாள். அழுதுகொண்டேதான் துவைத்தாள். அடுத்த சட்டைப் பையிலும் அது போய்ச் சேர்ந்திருந்தது. அன்று சாயங்காலமே அவள் டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து, சேலைகளை அடுக்க ஆரம்பித்தாள். பதினெட்டாம் பெருக்குக்கு ஊத்துக்குளி போனால் திரும்பி வருவதாக இல்லை.

பெருக்குக்கு முந்தின நாள் ரத்தினசாமி காலை ரயிலில் கோயமுத்தூர் போனார். எங்கே, என்னத்துக்கு என்று சொல்லவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பி வந்தார். தையல்காரர்கள் போய்விட்டார்கள். மாரக்காளும் அப்போதுதான் கிளம்பினாள். காற்றில் எங்கேயோ கம்பி அறுந்து கரண்ட் இல்லை. மெசின் நின்றுபோன வீடு காது அடைத்த மாதிரி இருந்தது. அவர் கால் கழுவிவிட்டு வந்து, பெட்டிக் கட்டின்மேல் உட்கார்ந்து, ஒரு காகிதத்தைப் பிரித்து அவளிடம் நீட்டினார். அதில் வேல் வரைந்திருந்தது. நடுவில் ஒரு கல், கீழே ஒரு மணி.

"வெள்ளியங்கிரிகிட்டச் சொல்லிப்போட்டேன். அடுத்த லோடுக்கு அச்சாயிரும். பரமேசுவரன் வாங்குனா வாங்கட்டும், வாங்காட்டிப் போகட்டும். நீ ஊருக்குப் போயிட்டு வந்துரு."

தெய்வாத்தாள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். கேட்டது கிடைத்துவிட்டது. வேல் அழகாகவும் இருந்தது. எப்படிப் பார்த்தாலும் வேலாகத்தான் இருந்தது.

"மிச்சமிருக்கற மயிலையெல்லாம் அடுப்புல போட்டுரலாம்" என்றார் ரத்தினசாமி. "அதுக்கு முன்னால ஒரு சோலி இருக்குது. எனக்கு ஒருக்கா காட்டு."

"என்னத்தைங்க?"

"அவளை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ சொன்ன நாள்ல இருந்து பாக்கறேன் புள்ள. வெய்யில்ல வெச்சுப் பாக்கறேன், வெளக்குல வெச்சுப் பாக்கறேன். ரயில்ல போறப்பவும் பாத்துட்டே போனேன். வெள்ளியங்கிரிகூட வெரலு வெச்சுக் காட்டுனான். எனக்கு மயிலுதான் தெரியுது. ஊருக்கெல்லாம் தெரியுதாமா. எங்கியோ பாலக்காட்டுல பனியன் வாங்கறவனுக்குத் தெரியுதாமா. எனக்குத் தெரியல. நாளைக்கு எல்லாத்தையும் எரிச்சுப்போட்டா அப்பறம் நானு எங்க போயிப் பாப்பேன்?"

பையிலிருந்து அந்த நைந்த லேபிளை எடுத்து முழங்கால்மேல் வைத்து நீவினார்.  தெய்வாத்தாள் அப்போதுதான் அந்த மனிதர் இத்தனை நாளும் பொய் சொல்லவில்லை என்று கண்டாள்.

எனக்கும் இப்பத் தெரியலீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் நம்பிவிடுவார். மயில் அடுப்புக்குப் போய்விடும், வேல் வந்துவிடும். மூத்தவளை அவர் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. அந்த வார்த்தை அவள் நாக்குவரை வந்தது. அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தாள். அதைச் சொல்ல அவளால் ஆகவில்லை.

கீழே உட்கார்ந்து லேபிளை அவர் முழங்காலிலிருந்து எடுத்தாள். வாசலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. வலது உள்ளங்கையால் தோகையையும் கால்களையும் மறைத்தாள்.

"மயிலை மறந்துருங்க. இந்த நீலத்தைப் பாக்காதீங்க. அதுக்கு இந்தப் பக்கம் வெள்ளையா ஒரு கோடு வருதல்லங்க, அதை மட்டும் பாருங்க. இது நெத்தி. இங்க குழி. இங்கிருந்து மூக்கு எறங்குது. இது ஒதடு. இது தாடை."

"ம்."

"இந்தப் புள்ளிய எறகுன்னு பாக்காதீங்க. கண்ணுன்னு பாருங்க. ஆரோ கூப்புட்டாங்க, திரும்பறாங்க. அவ்வளவுதான்."

அவர் குனிந்து கிட்டே வந்தார். தெய்வாத்தாள் மறைத்திருந்த கையை மெல்ல எடுத்தாள். தோகை கூந்தலாக விழுந்தது.

"தெரியுதுங்களா?"

 அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மீசையில் நின்றது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை. பொறாமைப்பட வேண்டிய இடம்தான் அது. ஆனால் அவளுக்குப் பொறாமை வரவில்லை. தானும் அழ வேண்டும் போலிருந்தது.

"அக்கா இப்படித்தான் இருந்தாங்களா?" என்று கேட்டாள். அக்கா என்ற சொல் அவளை அறியாமல் வந்தது.

ரத்தினசாமி வெகுநேரம் பார்த்தார். 

"தெரியல புள்ள."

"தெரியலைன்னா?"

"பொம்பளை தெரியுது. நல்லாத் தெரியுது. ஆனா அவதானான்னு தெரியல. எனக்கு அவ மொகம் மறந்துபோச்சு." புறங்கையால் மீசையைத் துடைத்துக்கொண்டார். "கண்ணாலத்தப்ப ஒடுமலையில இருந்து போட்டோக்காரன் வந்திருந்தான். போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும்னு எங்கய்யன் தொரத்தி உட்டுட்டாரு. போட்டோ புடிக்காம ஆயுசு மட்டும் நின்னுருச்சாக்கும்! அவ போன புதுசுல கண்ணை மூடுனா வருவா. அப்பறம் கொஞ்சங் கொஞ்சமாப் போயிருச்சு. கொரலு நெனப்பிருக்குது. தண்ணி கொண்டாந்து வெக்கறப்ப வளையலு சத்தம் கேக்கும், அது நெனப்பிருக்குது. மொகம் வர மாட்டீங்குது. உன்ற கிட்ட எப்படிச் சொல்றது இதை? அவளோட வாழ்ந்தவனுக்கே மொகம் தெரியலைன்னு ஆருகிட்டச் சொல்றது? நீ சொன்னதும், சரி, ஒரு படத்துலயாச்சும் இருக்கறான்னு நெனச்சேன்."

"மாரக்கா அச்சா அதே மொகம்னாங்களே."

"இருக்கலாம். நேர்ல வந்து நின்னா பாத்த ஒடனே சொல்லிப்போடுவேன். படத்துல பாத்துச் சொல்லத் தெரியல."

வாசல் வெளிச்சம் போய்விட்டது. படத்தில் இனி மயிலும் தெரியாது, பெண்ணும் தெரியாது. இரண்டு பேரும் விளக்கேற்ற எழுந்திருக்கவில்லை. வீடு நிறைய இந்த முகத்தை வைத்துக்கொண்டு இவர் கும்பிடுகிறார் என்று நினைத்து ஒன்றரை மாசமாகத் தான் வெந்ததைத் தெய்வாத்தாள் நினைத்துக்கொண்டாள். அவரிடம் அந்த முகம் இருக்கவே இல்லை. ஒன்றுமே இல்லாமல்தான் இந்த மனிதர் இத்தனை வருசம் இருந்திருக்கிறார். அவளுக்கு அவர்மேல் இரக்கம் பொங்கியது. முகம் தெரியாத அந்தப் பெண்மேலும் பொங்கியது.

"வேலு வேண்டாங்க" என்றாள். "மயிலே இருக்கட்டும். வெள்ளியங்கிரியண்ணன்கிட்டச் சொல்லிருங்க."

"உனக்கு வெசனமா இருக்குமே புள்ள. நீ இதைப் பாத்துட்டே ஒக்காந்தா, வகுத்துல இருக்கறதுக்கு..."

"பாக்கறனுங்க. தெனமும் பாக்கறேன்." அவர் கையைத் தேடி எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். "மாரக்கா சொன்னது நெசமா இருந்தா இந்த மொகந்தானுங்க பொறக்கும். நேர்ல வந்து நிக்கும். அப்பப் பாத்துச் சொல்லுங்க, அக்காதானா இல்லையான்னு."